மண்ணில் மறைந்த நஞ்சும் சீனாவின் நீண்ட போராட்டமும்

2013ஆம் ஆண்டு மே மாதம் தென் சீனாவின் குவாங்சோ நகர உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அரிசி, அரிசி உற்பத்திப் பொருட்கள் ஆகியவற்றின் 18 மாதிரிகளைப் பரிசோதித்தனர். அவற்றில் எட்டில் கட்மியம் எனும் பார உலோகம் அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சிக் காணப்பட்டது. நெல் விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஹுனான் மாகாணத்தை நோக்கியே விரல்கள் நீண்டன. சோற்றை அன்றாட உணவாகக் கொண்ட மக்களுக்கு இதைவிட அச்சமூட்டும் செய்தி வேறென்ன இருக்கமுடியும்? உடலிற் சேரும் கட்மியம் சிறுநீரகத்தில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கி அதனைச் சிதைக்க வல்லது.

மண் எவ்வளவு மாசடைந்துள்ளது என்பதை அறியும் நாடளாவிய ஆய்வொன்றை சீன அரசு 2005இலேயே ஆரம்பித்திருந்தது. ஆயினும் 2013இன் தொடக்கத்தில் சட்டத்தரணி ஒருவர் அதன் தரவுகளைக் கோரியபோது, அவை 'அரச இரகசியம்' எனக் கூறி மறுக்கப்பட்டது. மக்கள் உண்ணும் சோற்றைப் பற்றிய தகவல் எவ்வாறு அரச இரகசியமாக முடியும் என்ற கேள்வி வலுப்பெற்றதையடுத்து, 2014 ஏப்ரலில் சுருக்க அறிக்கை வெளியானது. ஆராயப்பட்ட இடங்களில் 16.1 வீதமானவையும், விவசாய நிலங்களில் 19.4 வீதமானவையும் மாசடைந்திருந்தன. இது மாதிரி எடுக்கப்பட்ட இடங்களின் வீதமேயன்றி நிலப்பரப்பின் வீதமன்று. இவ்வேறுபாட்டைக் கவனியாது எழுதியோர் பலர்.

காற்று வீசிக் கலையும்; ஆறு ஓடித் தெளியும். மண்ணோ தன்னிடம் சேர்ந்ததை விடுவதில்லை. ஈய, நாகச் சுரங்கங்களும் உருக்காலைகளும் வெளியேற்றிய கழிவு நீர் வயல்களில் பாய்ந்தமை ஒருபுறமிருக்க, நைதரசன் பசளையின் மிதமிஞ்சிய பாவனை மண்ணை அமிலத்தன்மையுடையதாக்கியது. அமில மண்ணில் கட்மியம் இலகுவாகக் கரைந்து நெற்பயிரின் வேருக்குள் செல்கிறது. எனவே மண்ணுக்குச் சுண்ணாம்பிடுதல், வயலில் நீரைத் தேக்கிவைத்தல், கட்மியத்தைக் குறைவாக உறிஞ்சும் நெல்லினங்களைப் பயிரிடுதல் ஆகிய வழிகள் ஹுனானில் கையாளப்பட்டன. நீரை நீண்ட நாள் தேக்கினால் ஆசனிக் நெல்மணியிற் சேரும் என்பது இதிலுள்ள மற்றொரு சங்கடம். மேலும், இவ்வழிகள் கட்மியத்தை அகற்றுவதில்லை. பயிருக்குள் செல்லாது தடுக்க மாத்திரமே முயல்கின்றன.

அகற்றுவதென்றால் ஆகும் காலத்தை ஜப்பானின் அனுபவம் உணர்த்தும். 'இத்தாய் இத்தாய்' நோயினால் பாதிக்கப்பட்ட டொயாமா பிரதேசத்தில் சுமார் 863 ஹெக்டெயர் விளைநிலத்தின் மண்ணை மாற்றியமைக்க 1979 முதல் 2012 வரை 33 ஆண்டுகள் சென்றன. சீனாவின் விளைநிலமோ பத்துக் கோடி ஹெக்டெயருக்கும் அதிகம்!

செலவை ஏற்பவர் யார்? 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சீனாவின் மண் மாசுத் தடுப்புச் சட்டம், மாசுபடுத்தியவரே பொறுப்பு என்கிறது. கொள்கையளவில் இது நியாயமானதே. ஆனால் தொழிற்சாலை மூடப்பட்டு, நிலம் கைமாறி, பல ஆண்டுகள் கழிந்தபின் மாசுபடுத்தியவரை எங்கே தேடுவது? சாங்சோ நகரில் முன்னாள் இரசாயனத் தொழிற்சாலைக் காணிக்கு அருகே அமைந்த பாடசாலையொன்றில் ஏறத்தாழ 500 மாணவர்கள் உடல்நலக் குறைவுக்குள்ளானதாக 2016இல் செய்தி வெளியானது. தொழிற்சாலைகளுக்கு எதிராகச் சூழல் அமைப்புகள் இரண்டு வழக்குத் தொடுத்தன. 2017 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானதுடன், 18 இலட்சம் யுவானுக்கும் அதிகமான வழக்குச் செலவு அந்த அமைப்புகளின் தலையிலேயே சுமத்தப்பட்டது. 2018 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கம்பனிகளைப் பகிரங்க மன்னிப்புக் கோருமாறு உத்தரவிட்டபோதிலும், துப்புரவுச் செலவை அவற்றின்மீது சுமத்தவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் நாடளாவிய மண் ஆய்வு நடைபெற வேண்டுமெனவும் அச்சட்டம் விதிக்கிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். எனினும் 2014இன் அறிக்கை, மாசடைந்த வயல்கள் எந்தெந்தக் கிராமங்களில் உள்ளன என்பதைக் கூறவில்லை. தன் வயலில் விளைந்ததைத் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாமா என்ற விவசாயியின் கேள்விக்கு அந்த 19.4 வீதம் விடையளிக்கவில்லை.