வளைவில் திரும்பும் வித்தை

வீட்டில் பழைய மெக்கானோ பெட்டி இருக்கிறதா, சகோதரி? அரை அங்குல இடைவெளியில் துளையிட்ட தகடுகளும் நட்டு, போல்ட்டுகளுமாக, லிவர்பூல்வாசியான பிராங்க் ஹார்ன்பி தம் பிள்ளைகளுக்கென்று செய்து, 1901-ல் காப்புரிமை பெற்ற விளையாட்டுச் சாமான் அது. அதில் மோட்டார் சேஸிஸ் கட்டுவதுதான் ருசியான வேலை!

கார் வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கினால் ஒன்று தரையைத் தேய்க்கும். ஆகவே பின்னச்சை நடுவில் இரண்டாக்கி, இடையே பல்சக்கரங்களைக் கோக்கிறார்கள். அதுதான் 'டிபரன்ஷியல்'. ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் தண்டைத் திருப்பினால், மற்றது இரட்டிப்பு வேகத்தில் சுழலும்!

பெட்டியைப் பையனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஊசியில் நூல் கோக்கிற பெண்ணுக்கு நட்டு முடுக்குவது பிரமாதமா? சட்டம் கோணாமல் பொருந்திய பிறகே கடைசி முடுக்கு முடுக்கச் சொல்லுங்கள்.