இழப்புக்குப் பின் வந்த குழந்தை



திருமுழுக்கு நாளில் வெள்ளாடை அணிந்த குழந்தையை ஏந்தி நிற்கும் பெற்றோரைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அவர்களுள் சிலர் அதற்கு முன் ஒரு குழந்தையைக் கருவிலேயே இழந்தவர்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. கருவுற்றதை அறிந்த பெண்களுள் 100-க்கு 10 முதல் 15 பேருக்குக் கருச்சிதைவு நேர்வதாக மருத்துவ மதிப்பீடுகள் கூறுகின்றன. ஆகவே நம் அன்பியங்களிலும் இத்தகைய பெற்றோர் பலர் இருப்பர்.

இவர்கள் அடுத்த குழந்தையைச் சுமக்கும்போது மகிழத் தயங்குகிறார்கள். "இதுவும் போய்விட்டால்?" என்னும் அச்சத்தில் பெயர் தேடுவதில்லை, துணிமணி வாங்குவதில்லை. குழந்தை நலமாகப் பிறந்த பின்னும் அந்த அச்சம் உடனே அகல்வதில்லை. சிலர் தூங்கும் குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலர், வேளாங்கண்ணி அன்னையிடம் தொட்டில் கட்டி வேண்டிப் பெற்ற பிள்ளையாயிருந்தும் எதிர்பார்த்த பாசம் பொங்கவில்லையே என்று தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள்.

இது அன்பின்மை அன்று. காயம்பட்ட மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது. பாசம் எல்லாருக்கும் பிரசவ அறையிலேயே பிறந்துவிடுவதில்லை. குழந்தையை மார்போடு அணைத்தல், பாலூட்டுதல், முகம் பார்த்துப் பேசுதல், தாலாட்டுதல் ஆகிய அன்றாடச் செயல்களில் அது மெல்ல வளர்கிறது. தந்தைக்கும் இது பொருந்தும்.

விவிலியத்தில் அன்னாவைப் பாருங்கள். பல ஆண்டு கண்ணீருக்குப் பின் சாமுவேலைப் பெற்றார். கணவர் எல்கானா ஆண்டுப் பலி செலுத்தச் சீலோவுக்குப் புறப்பட்டபோது அவர் உடன் செல்லவில்லை. பால்குடி மறக்கும்வரை குழந்தையோடு வீட்டிலிருக்க விரும்பினார். கணவரும் இசைந்தார் (1 சாமு 1:21-23). ஆண்டவருக்கென்று நேர்ந்துகொண்ட பிள்ளைதான். ஆயினும் தாயும் சேயும் சேர்ந்திருக்கும் காலத்தை யாரும் அவசரப்படுத்தவில்லை.

புதிய குழந்தையை நெருங்க, இழந்த குழந்தையை மறந்தாக வேண்டும் என்பதில்லை. சேத்து பிறந்த மகிழ்ச்சியிலும் ஏவா ஆபேலின் பெயரைச் சொல்கிறார் (தொநூ 4:25). இழந்த குழந்தைக்காக அழ இடம் கிடைத்தால்தான், வந்த குழந்தையை அதன் நிழலாகக் காணாமல் அதற்காகவே அன்பு செய்ய முடியும்.

"திருமுழுக்கு பெறாத என் குழந்தை எங்கே?" என்று கலங்கும் பெற்றோருக்குத் திருச்சபை ஆறுதல் தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 1261) இக்குழந்தைகளை இறை இரக்கத்தில் ஒப்படைக்கிறது. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்டின் இசைவோடு 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஏடும், இவர்கள் மீட்படைவார்கள் என எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்கிறது. பெற்றோர் திருமுழுக்கு கொடுக்க எண்ணியிருந்து, அதற்குமுன் இறந்த குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கு நடத்தலாம் (திருச்சபைச் சட்டம் 1183 §2).

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. "ஒன்று போனால் இன்னொன்று" என்று சொல்லாதிருப்போம். பிள்ளை பெற்ற வீட்டில் சமைத்துக் கொடுத்து, தாய் குழந்தையோடு இருக்க நேரம் தருவோம். தாயின் துயரமோ அச்சமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அது விசுவாசக் குறைவு அன்று. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில், கல்லறை இல்லாத இக்குழந்தைகளையும் நம் மன்றாட்டில் சேர்ப்போம்.

தாயின் கருவிலேயே நம்மை அறிந்த ஆண்டவர், தம்மிடம் வந்த குழந்தையையும் பெற்றோரின் மடியில் தவழும் குழந்தையையும் ஒருங்கே காப்பாராக!