ஒரு சிலிண்டர் போனால் முழு என்ஜினையும் பிரிக்கணுமா?

தாம்பரத்துக்கு மேற்கே படப்பை, மணிமங்கலம் பக்கம் ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறோம். டிராக்டர் இழுக்கலைன்னு பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "ஃபுல் என்ஜின் வேலை சார்". சம்பா உழவு நேரத்தில் இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். இதற்காகவே நகையை அடகு வைத்தவர்களை வங்கியில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை நாமே தெரிஞ்சு வச்சுக்கணும்.

என்னிடம் இருப்பது பழைய மாஸி பெர்குசன் 1035. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜின். போன ஆடியில் இழுவை குறைந்தது, நீலப் புகை வந்தது, என்ஜின் நொண்டி அடித்தது.

முதல் கேள்வி, எந்த சிலிண்டர்? என்ஜின் மெதுவாக ஓடும்போது, நாசிலுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டம் உடனே தடுமாறும். எதைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். டீசல் அதிக அழுத்தத்தில் பீய்ச்சும், கையைக் கிட்டே கொண்டு போகக் கூடாது, மெக்கானிக்கே செய்யட்டும். காமன் ரெயில் உள்ள புது வண்டியில் இதைச் செய்யவே கூடாது. பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: அது மட்டும் ஏன் போச்சு? என் வண்டியில் மூன்றாவது நாசில் டீசலைத் தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டின டீசல் லைனர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டது. பிஸ்டன் உரசி லைனரில் கோடு விழுந்து, ரிங் ஒட்டிக்கொண்டது. மற்ற இரண்டு லைனரையும் போர் கேஜில் அளந்தோம். தேய்மானம் வரம்புக்குள் இருந்தது. ஆயில் பிரஷரும் சரி. ஆகவே ஒரு லைனர், ஒரு பிஸ்டன், ஒரு ரிங் செட் போதும் என்று முடிவானது.

காரணம் பொதுவானதாக இருந்தால் கணக்கு மாறும். ஏர் ஃபில்டர் குழாய் கிழிந்து புழுதி உள்ளே போயிருந்தால் எல்லா சிலிண்டரும் தேய்ந்திருக்கும். ஆயில் பிரஷர் குறைவு, கிராங்க் தேய்மானம், பிளாக்கில் விரிசல் என்றால் முழு வேலைதான். ஹெட்டைத் தூக்கியதும் வால்வு எரிந்ததோ கேஸ்கெட் ஊதியதோ தெரிந்தால், லைனரைத் தொடவே வேண்டாம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள்:

- புது பிஸ்டனின் அளவும் எடையும் மற்ற இரண்டோடு ஒத்துப்போகணும். எடை மாறினால் என்ஜின் அதிரும்.
- கனெக்டிங் ராடும் அதன் மூடியும் பழைய ஜோடியாகவே, அதே பக்கம் பார்த்து ஏறணும்.
- ஹெட் கேஸ்கெட் புதுசு. போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி டார்க் ரெஞ்சில் முறுக்கணும்.
- நாசிலைப் பம்ப் சர்வீஸ் கடையில் சோதித்த பிறகே மாட்டணும். இல்லாவிட்டால் புது பிஸ்டனும் அதே வழியில் போகும்.

சம்ப்பே முன் அச்சைத் தாங்கும் வண்டி என்றால், பிரிக்கும் முன் முன்பக்கத்துக்கு நல்ல முட்டுக் கொடுத்து நிறுத்தணும்.

எனக்கு ஆன செலவு, முழு வேலைக்குச் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. முதல் 50 மணி நேரம் சேற்று உழவுக்கும் ரோட்டவேட்டருக்கும் விடவில்லை. லேசான வேலை மட்டும். புரட்டாசியில் வண்டி சேற்றில் இறங்கியது.

கடைசியாக ஒன்று. வடித்த பழைய ஆயிலை வரப்போரமோ கிணற்றோரமோ ஊற்றாதீர்கள். ரசாயனம் போடாமல் தேற்றிய மண்ணை அது கெடுத்துவிடும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். ஓடிய மணி நேரம், ஊற்றிய ஆயில், புகையின் நிறம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டைக் காட்டினால் பட்டறைக்காரரும் பார்த்துத்தான் பேசுவார்.