பாடமாக்கிய கட்டுரையும் எழுதத் தெரியாத கடிதமும்

கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமம் ஒன்றிலுள்ள சனசமூக நிலையத்தில், தரம் 9, 10 மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பொன்றை நடத்தித் தருமாறு கேட்டிருந்தார்கள். முதல் நாள் ‘நான் சென்ற சுற்றுலா’ என்ற தலைப்பைக் கொடுத்தேன். பதினான்கு பேர் எழுதினார்கள். பெரும்பாலானோரின் பஸ் அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு நுவரெலியாவுக்குப் போயிருந்தது. எல்லோருக்கும் இயற்கை அன்னை பச்சைக் கம்பளம் விரித்திருந்தாள். விசாரித்தபோது, உண்மையில் நுவரெலியாவைப் பார்த்தவர்கள் இருவர்தான். மற்றவர்கள் ரியூசனில் கொடுத்த கட்டுரையைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

இதற்காகப் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து க.பொ.த. சாதாரண தரம் வரை, எந்தத் தலைப்பு வரும், அதற்கு எந்த வசனத்தால் தொடங்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. எழுதுவதென்றால் மனப்பாடம் செய்ததைப் பிழையின்றி இறக்கிவைப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

இதைப் புள்ளிகளோடு முடிந்துவிடும் விடயமாக என்னால் பார்க்க முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருவரை அதே காலத்தில் சந்தித்திருந்தேன். பொலித்தீன் பையொன்றில் அவர் இதுவரை கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளை வைத்திருந்தார். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு ஒன்று, 2013 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு ஒன்று, பின்னர் வந்த காணாமல் போனோர் அலுவலகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கடிதத்தில் மகன் வட்டுவாகலில் கையளிக்கப்பட்டார் என்றிருந்தது. இன்னொன்றில் ஓமந்தை என்றிருந்தது. திகதியும் ஒத்துப்போகவில்லை. யாரோ ஒருவரின் கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாயின் வாயிலிருந்து வந்த கதையிலோ எந்தக் குழப்பமும் இல்லை. இடம், நேரம், பக்கத்தில் நின்றவர்கள், மகன் போட்டிருந்த சேட்டின் நிறம் என எல்லாமே தெளிவாக இருந்தன. கடதாசிக்குத்தான் அவை வந்து சேரவில்லை.

கண்டதைக் கண்டபடி எழுதத் தெரிவது நமது சமூகத்துக்கு எவ்வளவு அவசியமானது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காணி விடுவிப்புக்கான மனு, நட்டஈட்டு விண்ணப்பம், பொலிஸ் முறைப்பாடு என எல்லாவற்றிலும் யார், எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற கேள்விகளே வருகின்றன. அதற்கான பயிற்சியை வகுப்பறையில் எப்படிக் கொடுக்கலாம்?

தலைப்பைச் சிறிதாக்குதல்

இரண்டாம் நாள் தலைப்பை மாற்றினேன். ‘இன்று வீட்டிலிருந்து இங்கு வரும்வரை கண்டவற்றுள் ஒன்று’. இதற்குப் பாடமாக்கிய விடை இல்லை. முதலில் இருவர் இருவராகக் கதைக்க விட்டேன். கேட்பவர் “எத்தனை மணிக்கு?”, “அவர் என்ன சொன்னவர்?” என்று கேள்வி கேட்க வேண்டும். அதன் பிறகே கொப்பியைத் திறந்தார்கள். ஒரு மாணவி, செயின் கழன்ற சைக்கிளை அம்மம்மா உருட்டிக்கொண்டு வந்ததை எழுதினாள். ஏழே வரிகள். ஆனால் அவளைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வரிகள்.

முதல் வரைபில் பேச்சுவழக்கு வந்தால் தடுக்கக்கூடாது. “போனனாங்கள்” என்று எழுதிய பிள்ளை அதைப் பின்னர் “சென்றோம்” என்று மாற்றலாம். தொடக்கத்திலேயே எழுத்துத்தமிழில் யோசிக்கச் சொன்னால், பிள்ளை மறுபடியும் பாடமாக்கிய வசனத்துக்கே ஓடும்.

சிவப்புப் பேனையை எப்போது எடுப்பது?

திருத்தும்போது இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒன்று விடயத்தைத் தெளிவாக்குவது, மற்றையது மொழிப்பிழையைக் களைவது. முதலாவதை முதலில் செய்ய வேண்டும். “நன்று”, “இன்னும் முயற்சி செய்க” என்ற குறிப்புகளால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. “சைக்கிள் பழுதான இடம் எது?” என்று ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தால், அடுத்த வரைபில் அதற்குப் பதில் வரும். இரண்டாம் வரைபு எழுதுவது தண்டனை அல்ல என்பதும் பிள்ளைக்குப் புரியும்.

பிறகு மொழி. ர/ற, ல/ள/ழ, ந/ன/ண என எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் வட்டமிட்டால் பக்கம் முழுவதும் சிவந்துபோகும். பிள்ளை அடுத்த முறை குறைவாகவே எழுதும். வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை எடுத்து, மாணவர்களின் சொந்த வசனங்களிலிருந்தே உதாரணம் காட்டினால் போதும்.

முப்பத்தைந்து பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை, முடிக்க வேண்டிய பாடத்திட்டம். இதில் எப்படி முடியும் என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. எழுதிய அனைத்தையும் திருத்த வேண்டியதில்லை. வாரத்தில் இருமுறை பத்து நிமிடம் எழுதவிட்டு, மாதத்தில் ஒன்றைப் பிள்ளையே தெரிவு செய்து திருத்தத் தரலாம்.

இந்த முறை புதியதுமல்ல, போரறியாத ஊரிலிருந்து வந்ததுமல்ல. முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயமடைந்த பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தன் ஃப்ரெனேக்கு நீண்டநேரம் உரத்துப் பேசிக் கற்பிக்க முடியவில்லை. அவர் 1920களில் தனது கிராமப் பாடசாலைப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். பார்த்ததை அவர்களையே எழுதவைத்து, வகுப்பறையிலிருந்த சிறிய அச்சியந்திரத்தில் அச்சிட்டார். தாங்கள் எழுதியதை மற்றவர்கள் வாசிப்பார்கள் என்பது பிள்ளைகளை அக்கறையோடு திருத்த வைத்தது.

கட்டாயப்படுத்தக்கூடாதவை

ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. இன்று வகுப்பறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் 2009 இற்குப் பின்னர் பிறந்தவர்கள். ஆனாலும் போர் அவர்களது வீட்டுக்குள் இருக்கிறது. ‘எனது தந்தை’ என்ற சாதாரண தலைப்பே ஒரு பிள்ளையை மௌனமாக்கிவிடலாம். எனவே எப்போதும் இரண்டு மூன்று தலைப்புகள் இருக்க வேண்டும். எழுதியதை உரத்து வாசிப்பதா இல்லையா என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். இழப்பைப் பற்றி எழுதுமாறு கேட்பதோ, எழுதியதை அனுமதியின்றி முகநூலில் போடுவதோ தவறு. மனதை அழுத்தும் விடயம் ஏதும் எழுத்தில் வந்தால், புள்ளி போடாமல், பிள்ளையோடு தனியாகக் கதைத்து, பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரின் உதவியை நாடலாம்.

எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரும் உதவலாம். ஊர்க்கிணறு, பழைய காணியின் எல்லை, இடம்பெயர்ந்த பாதை என்று எதைச் சொல்ல விரும்புகிறார்களோ அதைச் சொல்லட்டும். பிள்ளை கேட்டு எழுதட்டும். எழுதியதை வாசித்துக் காட்டி “இது சரியோ?” என்று கேட்கட்டும்.

அந்தத் தாயின் பேத்தி தரம் 10 இல் படிக்கிறாள், தமிழில் நல்ல புள்ளி எடுப்பவள். அடுத்த கடிதத்தை அவளைக்கொண்டு எழுதிக்கலாமே என்று கேட்டேன்.

“உதெல்லாம் அவளுக்கு எழுதத் தெரியாது பிள்ளை. அவள் சோதினைக்குத்தான் எழுதுவாள்” என்றார்.

பேத்தியை ஒரு நாள் தன்னருகே இருத்தி, ஒரு கொப்பியில் திகதியும் இடமும் மட்டுமாவது எழுதி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஆசிரியர்கள் மனம் வைத்தால், இந்த வேலையை வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம்.