செல்சியஸ்: மேட்டு நிலம் தந்த பெயர்

வெப்பநிலைப் பாடத்தில் 'டிகிரி செல்சியஸ்' என்று சொல்லிவிட்டு நேராகக் கணக்குக்குப் போய்விடுகிறோம். நான் அந்தச் சொல்லில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பது வழக்கம். அது ஒரு மனிதரின் பெயர். அந்தப் பெயருக்குள் ஓர் ஊரும் இருக்கிறது.

ஆண்டர்ஸ் செல்சியஸ் 1701இல் சுவீடனின் உப்சாலா நகரில் பிறந்த வானியல் பேராசிரியர். 1742இல் அவர் முன்வைத்த அளவுகோலில் நீர் கொதிக்கும் நிலை 0, உறையும் நிலை 100. பின்னர்தான் அது இன்றுள்ளபடி திருப்பப்பட்டது. நெடுங்காலம் 'சென்டிகிரேடு' எனப்பட்ட அலகு, 1948இல் அவர் பெயரை அதிகாரப்பூர்வமாகப் பெற்றது.

அக்காலச் சுவீடனில் சாதாரண மக்கள் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. ஆண்டர்ஸின் மகன் கார்ல் என்றால் அவர் கார்ல் ஆண்டர்சன். அவருடைய மகன் பேர் என்றால் பேர் கார்ல்சன். தலைமுறைதோறும் பின்பெயர் மாறும். கல்வி கற்றுப் பாதிரியாராகவோ பேராசிரியராகவோ ஆனவர்கள், சொந்த இடத்தின் பெயரை இலத்தீனாக்கிச் சூட்டிக்கொண்டனர். செல்சியஸ் குடும்பத்தின் பூர்விக இடம் ஹெல்சிங்லாந்து பகுதியிலுள்ள ஹோகன். அதன் பொருள் மேடு. இலத்தீனில் 'செல்சஸ்' என்றால் உயர்ந்தது. அப்படிப் பிறந்ததே செல்சியஸ். தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்ட லின்னேயஸின் பெயரும் இவ்வகையே. அவருடைய தந்தை, குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்துச் சூட்டிக்கொண்ட பெயர் அது.

சுவீடனில் அரிதான ஒரு குடும்பப் பெயர், இன்று உலகெங்கும் காய்ச்சல் பார்க்கும்போதுகூட ஒலிக்கிறது.

இதைக் கேட்கும் நம் மாணவர்களுக்கு ஒரு தெளிவும் கிடைக்கிறது. இணையவழி விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் வந்ததும், "எனக்கு அது இல்லையே" என்று தயங்கும் பிள்ளைகள் உண்டு. தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம் முறை குறையன்று. பெற்றோர் பெயரால் அறியப்படும் முறை சுவீடனிலும் பல நூற்றாண்டுகள் இருந்தது.

பாடம் முடிந்ததும் ஒரு சிறு செயல்பாடு தரலாம். ஒவ்வொருவரும் தம் பெயரின் பொருளையும், தம் ஊர்ப்பெயர் ஏரி, மேடு, மரம் எதிலிருந்து வந்தது என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். ஒன்றில் மட்டும் நாம் கவனமாக இருக்க வேண்டும்: பேச்சு பெயரோடும் ஊரோடும் நிற்கட்டும். சாதியைச் சுட்டும் பின்னொட்டுகளை நம் முந்தைய தலைமுறையினர் பலர் விரும்பித் துறந்தார்கள். அது வகுப்பறைக்குள் கேள்வியாகத் திரும்பி வரக் கூடாது.