கற்பூரவள்ளி: வாசலில் ஒரு கைமருந்து

மீள்குடியேறிய கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். தகரக் கொட்டிலின் வாசலில், பழைய எண்ணெய்த் தகரத்தில் கற்பூரவள்ளி செழித்து நின்றது. பேரப்பிள்ளையைத் தனியாக வளர்க்கும் அந்த அம்மா, "இடம்பெயர்ந்த இடமெல்லாம் இதிலை ஒரு தடியை முறிச்சுக்கொண்டு போனனான், பிள்ளை. எங்கை நட்டாலும் பிடிக்கும்" என்றார்.

உண்மைதான். இதற்கு விதை தேவையில்லை. நான்கைந்து அங்குலத் தடியை ஈரமண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும். காணி இல்லாதவர்களும் அடியில் துளையிட்ட தகரத்திலோ உரப்பையிலோ வளர்க்கலாம். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும்.

துளசி, புதினா, மேலைநாட்டு ரோஸ்மேரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது கற்பூரவள்ளி. சிங்களத்தில் 'கப்பரவல்லிய' என்பர். இலைகள் தடித்து, சாறு நிறைந்து, மெல்லிய மயிர்களுடன் இருக்கும். கசக்கினால் ஓம வாசனை வரும். ஓமத்திலுள்ள தைமோலும் அதையொத்த கார்வக்ரோலும் இதன் எண்ணெயில் இருப்பதே காரணம்.

தடிமன், இருமல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுக்கு மூன்று நான்கு இலைகளை அவித்துக் குடிநீராக அருந்துவது நமது வழக்கம். இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து தேனுடன் கொடுப்பதும் உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சாற்றைத் தடவுவார்கள். கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் பிள்ளைகள் விரும்பி உண்பர்.

ஆனால் சகோதரிகளே, கைமருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த அம்மாவின் பேரனுக்குக் கடந்த மாரியில் இருமல் வந்தபோது, மூன்று நாட்கள் சாறு மட்டுமே கொடுத்திருக்கிறார். மூச்சு வாங்கத் தொடங்கிய பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். நியுமோனியா என்றார்கள். நல்லவேளையாகப் பிள்ளை தப்பியது.

எனவே இவற்றை நினைவில் வைத்திருங்கள்:

- ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எந்தச் சாறும் வேண்டாம்.
- ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது.
- பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
- மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும் தாமதிக்க வேண்டாம்.

புறப்படும்போது அந்த அம்மா எனக்கும் ஒரு தடி முறித்துத் தந்தார். "இப்ப நான் மூச்சையும் எண்ணிப் பாக்கிறனான்" என்றார். நீங்களும் ஒரு தடியை நடுங்கள். அயல்வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள். கொடுக்கும்போது மூச்சை எண்ணும் விதத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.