கொலோன் நகரில் தொழில் இளைஞருக்கு ஒரு வீடு

விருத்தாசலம், நல்லூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மண்ணும் நெருப்பும் பழகிய பொருள்கள். மண்ணைக் கரைத்து அச்சில் வார்த்து, காயவைத்து, கிளேஸில் தோய்த்து, சூளையில் ஏற்றி இறக்கும் வேலையைச் செய்தோ, செய்வோரைக் கண்டோ வளர்ந்தவர்கள் நம்மில் பலர். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை கொலுப் படிகளில் நின்றிருக்கிறது. பீங்கான் பியூஸ் கட்டை எத்தனையோ வீடுகளின் மின்பலகையில் இருந்திருக்கிறது. இத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிலையமும் விருத்தாசலத்திலேயே உண்டு. எனினும் கற்றுத் தேர்ந்த பிள்ளைகள் அனைவருக்கும் ஊரிலேயே வேலை கிடைப்பதில்லை. ஒருவன் சென்னைக்குப் போகிறான், ஒருவன் ஓசூருக்கு. இன்னொருவன் ஓட்டுத் தொழிலுக்குப் பேர்பெற்ற குஜராத்தின் மோர்பிக்கு இரயிலேறுகிறான்.

போன இடத்தில் அவன் எங்கே தங்குகிறான்? திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ஆலையருகே பத்துக்குப் பத்து அறையில் பாய்க்குப் பாய் இடித்துப் படுத்திருப்போரைக் கண்டவர்களுக்கும் தெரியும். "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்கிறாள். "மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்கிறாய், யாரோடு இருக்கிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை.

இக்கேள்வியை ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன் கேட்டவர் ஒரு குரு. குருவாகுமுன் செருப்புத் தைத்தவர். ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர் நிறுவிய வீட்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

அவர் பெயர் அதோல்ப் கோல்பிங். கொலோனுக்கு அருகிலுள்ள கெர்ப்பன் என்னும் சிற்றூரில் 1813 டிசம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆடு மேய்ப்பவர், பிள்ளைகள் ஐவர். படிக்க ஆசை இருந்தும் வசதி இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் செருப்புத் தொழிலில் பழகவிட்டார்கள். தொழில் தேர்ந்தபின் ஊர் ஊராக வேலை செய்து, 1832-இல் கொலோனின் பெயர்பெற்ற பட்டறை ஒன்றில் சேர்ந்தார். நல்ல பட்டறை, கைநிறைய வேலை. ஆனால் உடன் வேலை செய்த இளைஞரின் வாழ்க்கையைக் கண்டு அவர் மனம் நொந்தார்.

இவ்விடத்தில் ஜெர்மானியரின் தொழில் முறையைச் சற்று விளக்க வேண்டும். அங்கே கைத்தொழிலில் மூன்று படிகள். முதலில் கற்றுக்குட்டி, அடுத்து, தொழில் தேர்ந்தும் சொந்தப் பட்டறை இல்லாத தொழில் இளைஞன், அதற்கும் மேலே பட்டறைத் தலைவர், அவர்கள் சொல்வழக்கில் 'மைஸ்டர்'. (போர்த்துக்கீசியர் வழியே நமக்கு வந்த 'மேஸ்திரி'யும் இந்த 'மைஸ்டரு'ம் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்த உடன்பிறப்புகள்.) முற்காலத்தில் இளைஞன் மேஸ்திரியின் வீட்டிலேயே தங்கி, அவர் பந்தியிலேயே உண்டான். தொழிற்சங்கக் குழுக்கள் அவன் நடத்தையைக் கண்காணித்தன. அவன் நோயுற்றால் கவனித்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய குழுக்களின் கட்டு தளர்ந்தது. யாரும் எத்தொழிலும் செய்யலாம் என்ற சட்டம் வந்தது, ஆலைகள் பெருகின. மேஸ்திரிகளே பிழைக்கத் தடுமாறிய காலத்தில், இளைஞனுக்கு அவர்கள் வீட்டில் இடமில்லாமல் போயிற்று. அவனுக்குக் கிடைத்தது கூட்டம் நெருக்கும் மலிவு விடுதியும், கீழ்த்தளத்துச் சாராயக் கடையும். கூலி வாங்கிய கையோடு அதைத் தொலைப்பதற்கு வழி பல இருந்தன. ஒரு புத்தகத்தை விரித்துப் படிக்க வெளிச்சமுள்ள மேசை ஒன்று இல்லை.

கோல்பிங் அங்கிருந்து தப்பிக்க நினைத்தார். பகலில் செருப்புத் தைத்து, இரவில் குருக்களிடம் இலத்தீன் கற்றார். 1837-இல், தம் 23-ஆம் வயதில், கொலோனின் உயர்நிலைப் பள்ளியில் தம்மைவிடப் பத்து வயது இளைய சிறுவரோடு பெஞ்சியில் அமர்ந்தார். நம் ஊரில் வயதுவந்தோர் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? 1841-இல் தேர்வு முடித்து, மூனிக்கிலும் பானிலும் இறையியல் பயின்று, 1845 ஏப்ரல் 13-ஆம் நாள் கொலோனில் குருப்பட்டம் பெற்றார். அதற்கு முந்திய நாள்தான் அவர் தந்தை உயிர் நீத்திருந்தார்.

முதல் பணி எல்பர்பெல்டு என்னும் நெசவாலை நகரில், துணைப் பங்குக் குருவாக. அங்கே பிரோயர் என்ற பள்ளி ஆசிரியர், பாட்டுப் பழகக் கூடிய சில தச்சு இளைஞரை வைத்து 1846-இல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். ஆகவே மூல எண்ணம் கோல்பிங்குடையதன்று, ஓர் ஆசிரியருடையது. பெரிய மனிதர்களின் சரித்திரத்தில் இத்தகைய பிரோயர்கள் மறைந்துபோவது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். 1847-இல் கோல்பிங் அச்சங்கத்தின் தலைவரானார். தாம் பத்தாண்டுகளாகத் தேடியது இதுவே என்று கண்டுகொண்டார்.

1849-இல் கொலோன் பேராலயத்தில் பணியேற்றதும், மே 6-ஆம் நாள், புனித கொலும்பா பங்கின் பள்ளிக்கூட அறையில் ஏழு தொழில் இளைஞரோடு சங்கத்தைத் தொடங்கினார். ஏழு பேர்! சில மாதங்களில் உறுப்பினர் தொகை நூற்றுக்கணக்காயிற்று. 1853-இல் நகரின் 'அகலத் தெரு'வில் ஒரு வீடு வாங்கப்பட்டது. அதுவே தொழில் இளைஞரின் விடுதி. பின்னாளில் உலகெங்கும் 'கோல்பிங் இல்லம்' எனப் பெயர்பெற்றவற்றுக்கு மாதிரி.

அவ்வீட்டில் தங்குவது எப்படிப்பட்ட வாழ்க்கை? ஊர்விட்டு ஊர் வேலை தேடி நடப்பது அன்றைய தொழில் இளைஞருக்கு வழக்கம். தோளில் மூட்டையோடு அந்நிய நகருக்குள் நுழையும் உறுப்பினன், தன் சங்கப் புத்தகத்தைக் காட்டினால் அங்குள்ள சங்கத்தார் அவனை ஏற்றுக்கொள்வர். "கண்ணியமான கைத்தொழிலை இறைவன் ஆசீர்வதிப்பாராக" என்பது அவர்கள் ஒருவருக்கொருவர் கூறிய வாழ்த்து. "ஆசீர்வதிப்பாராக" என்பது மறுமொழி. படுக்கையும் உணவும் கிடைக்கும். எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்ற செய்தியும் கிடைக்கும். மாலையில் வகுப்புகள்: எழுத்து, வாசிப்பு, கணக்கு, வரைபடம், கணக்குப் பதிவு, ஞானோபதேசம், பாட்டு. இவற்றுள் வரைபடத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அளவெடுத்துத் தாளில் வரையத் தெரியாத தச்சன், பிறர் வரைந்ததைச் செய்துகொடுத்தே காலம் கழிப்பான். வரையத் தெரிந்தவன் ஒருநாள் மேஸ்திரியாகலாம். சேமிப்பு நிதியும், நோயுற்றோருக்கு உதவி நிதியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் பாட்டும் நாடகமும் நடக்கும். அரசியல் சச்சரவுக்கு இடமில்லை. 1848-இன் புரட்சி வெப்பம் ஆறாத காலத்தில் அது எளிதான கட்டுப்பாடன்று.

இவ்வீட்டைத் தரும சத்திரங்களிலிருந்து பிரித்துக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. சங்கத்தின் தலைவர் குருவாயினும், அன்றாட ஒழுங்கைக் கவனித்தவர்கள் இளைஞர் தமக்குள் தெரிந்துகொண்ட பொறுப்பாளர்களே. ஊர்ப் பெரியவர்களும் மேஸ்திரிகளும் துணைக்குழுவாக வெளியே நின்றார்கள். பிச்சை வாங்குபவனாக எவனும் உள்ளே வரவில்லை, உறுப்பினனாக வந்தான். மேலும், அது நிரந்தரமாகத் தங்குவதற்கான வீடும் அன்று. சங்கம் மணமாகாத தொழில் இளைஞருக்கு உரியது. மணமுடித்தவனும் சொந்தப் பட்டறை வைத்தவனும் தன் இடத்தை அடுத்தவனுக்கு விடுவான். நல்ல கிறிஸ்தவன், நல்ல தொழிலாளி, நல்ல குடும்பத் தலைவன், நல்ல குடிமகன் என்று நான்கு ஆள்களை ஒரே இளைஞனில் உருவாக்கி வெளியே அனுப்புவதே நோக்கம். ஒருவன் போய்விட்டான் என்றால் வீடு தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சங்கம் கைத்தொழிலாளரை மட்டுமே மனத்தில் கொண்டது. பெருகிவந்த ஆலைத் தொழிலாளரின் துயரத்துக்கு அதில் முழு விடை இல்லை. கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்ற கேள்விகளை அது அதிகம் தொடவில்லை. தொழிலாளரின் உரிமையைப் பற்றித் திருச்சபை உரத்துப் பேச 1891-ஆம் ஆண்டின் சுற்றுமடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கோ 1960-களின் நடுப்பகுதி வரை இவ்வியக்கத்தில் உறுப்புரிமை இல்லை. வேலைக்குப் போகும் நம் பெண்மக்களுக்குத் தங்கும் விடுதி எவ்வளவு இன்றியமையாதது என்பதை அறிந்த நமக்கு இது உறுத்தவே செய்கிறது.

நம் நாட்டு வாசகர் எண்ணிப் பார்க்க இன்னொன்றும் உண்டு. தோலைத் தொடும் கை நம்மிடையே எப்படி மதிக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். கோயிலுக்குள்ளேயே தனி வரிசை வைத்த வெட்கக்கேடும் நம் வரலாற்றில் உண்டு. ஜெர்மனியில் சாதி இல்லை. எனினும் செருப்புத் தைப்பவன் படித்தவர் கூட்டத்தில் அமர்வது அங்கும் இயல்பாக நிகழவில்லை. அப்படி அமர்ந்தவர், தாம் விட்டுவந்த தொழிலை மறைக்காமல், அதையே 'கண்ணியமான கைத்தொழில்' என்று வாழ்த்தும் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். நம் மண்பாண்டத் தொழிலாளியையும் தோல் தொழிலாளியையும் அவ்விதம் வாழ்த்தும் சங்கங்கள் எத்தனை?

1854 முதல் கோல்பிங் வார இதழ் ஒன்றையும் நடத்தினார். கதையும் கட்டுரையுமாகக் குடும்பங்கள் விரும்பிப் படித்தன. 1862-இல் உரோமையில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரைக் கண்டார். ஓயாத பயணம் உடலைத் தின்றது. 1865 டிசம்பர் 4-ஆம் நாள், 52 வயது நிறைய நான்கு நாள்களே இருக்கையில் காலமானார். அப்போது சங்கங்கள் 418, உறுப்பினர் சுமார் 24,000. தாம் குருப்பட்டம் பெற்ற அதே மினோரித்தர் கோயிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. செபமாகிய தருமத்தைக் கேட்கும் வாசகம் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991 அக்டோபர் 27-ஆம் நாள் அவருக்கு முத்திப்பேறு பெற்றோர் பட்டம் வழங்கினார்.

அவருக்குப் பின் அவ்வீடு சோதனையையும் கண்டது. இட்லரின் ஆட்சிக்கு இத்தகைய சங்கங்கள் கண்ணில் விழுந்த தூசியாயின. கொலோன் கோல்பிங் இல்லத்தை நிருவகித்த தியோடோர் பாபிலோனும், அவருடன் பணியாற்றிய ஹைன்றிக் ரிக்டரும் 1944-இல் கைதாகி, வதை முகாம்களில் உயிர்நீத்தார்கள். இருவருள் ரிக்டர் குரு, பாபிலோன் பொதுநிலையினர். மாலை வகுப்பும் படுக்கையும் தரும் ஒரு விடுதியைக் கொடுங்கோலர் ஏன் அஞ்சினர் என்று வியப்போர், அவ்வீட்டில் இளைஞர் தம் பொறுப்பாளரைத் தாமே தெரிந்துகொண்டதை நினைவிற் கொள்ளட்டும்.

இன்று ஜெர்மனியில் தொழில் பயிலும் பிள்ளைகள் தொழிற்கூடத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிக் கற்கிறார்கள். பள்ளி சொந்த ஊருக்குத் தொலைவில் இருந்தால், பாடம் நடக்கும் சில வாரங்களுக்குத் தங்க இடம் வேண்டும். பல நகரங்களில் அவர்களை ஏற்பவை கோல்பிங் இல்லங்களே. இக்காலத்து இல்லத்தில் பிள்ளைகளோடு இருந்து பேசவும் வழிகாட்டவும் பயிற்சி பெற்ற பணியாளர் உண்டு. கோல்பிங் இயக்கம் ஏறத்தாழ 60 நாடுகளில் பரவியுள்ளது. நம் தமிழகத்திலும் சேமிப்புக் குழு, சிறுகடன், வீடுகட்ட உதவி என்னும் வடிவங்களில் பணிபுரிகிறது. ஆனால் வெளியூரில் வேலை பார்க்கும் நம் இளைஞனுக்கான மாலைநேர வீடு என்ற அதன் முதல் வேலைக்கு, இங்கே இன்னும் நிரம்ப இடம் இருக்கிறது.

"கட்டடத்துக்குப் பணம் ஏது?" என்று பங்குப் பேரவையில் உடனே ஒரு குரல் எழும். கொலோனில் வீடு வந்தது நான்காம் ஆண்டில்தான். முதல் நான்காண்டும் சங்கம் வீடில்லாமலே வளர்ந்தது. அது தொடங்கிய இடமோ ஒரு பள்ளிக்கூட அறை. நம் பங்குப் பள்ளிகள் நான்கரை மணிக்குப் பூட்டப்படுகின்றன. மின்விசிறியும் கரும்பலகையும் பெஞ்சியும் மறுநாள் காலை வரை சும்மா கிடக்கின்றன. வரைபடமும் கணக்கும் சொல்லித்தரத் தக்க ஓய்வுபெற்ற போர்மேன்கள் நெய்வேலியிலிருந்து நம் பங்குகளுக்கு வந்து குடியேறியிருக்கிறார்கள். வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளோ திண்ணையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓசூருக்கும் சென்னைக்கும் முன்னமே போய்விட்டவர்களின் முகவரியைத் தொகுத்து, அந்தந்த ஊர்ப் பங்குத்தந்தைக்கு ஓர் அஞ்சலட்டை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த பேரவைக் கூட்டத்தில், பள்ளி விட்டபின் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரேனும் எழுந்து கேட்கலாம். ஏழு பேர் சேர்ந்துவிட்டால் எண்ணிக்கை கொலோனுக்குச் சமம்.